வெளியே போவதும் நாடிதான்

உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளை ஒருவர் கேட்டது இது: "சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லீற்றர் வடிகட்டுகிறது, அதில் 178 லீற்றருக்கு மேல் மீள உறிஞ்சிவிடுகிறது என்று படித்தோம். திரும்ப எடுக்கத்தான் போகிறதென்றால் முதலில் ஏன் வெளியே விட வேண்டும்? இந்த இரண்டு வேலைக்கும் அதன் கட்டமைப்பு எப்படித் துணைபுரிகிறது? குறிப்பில் இரண்டு பட்டியல் தந்திருக்கிறார்கள், எவ்வளவு பாடமாக்கியும் மனதில் நிற்கவில்லை."

பிள்ளை, அந்தப் பட்டியல்கள் நிற்காததில் அதிசயம் ஒன்றுமில்லை. வடிகட்டலை ஒரு பக்கத்திலும் மீளவுறிஞ்சலை மறுபக்கத்திலும் பிரித்து எழுதினால் இரண்டுக்கும் நடுவிலுள்ள தொடர்பு அறுந்துவிடும். குருதி வடிகட்டப்படுவதாலேயே அது திரும்ப உறிஞ்சும் தகுதியைப் பெறுகிறது. அதைச் செய்து வைப்பது ஒரு சின்னஞ்சிறு குழாய். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும். அதற்கு வருமுன் ஒரு வேலை செய்யுங்கள்.

இறைச்சிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காய் ஒன்று வாங்கி வாருங்கள். சிறுநீரகம் என்று கேட்டால் சில வேளை விளங்காது, குண்டிக்காய் என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். கூரான அலகால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து தண்ணீரில் அலசிப் பாருங்கள். வெளிப்புறமாகக் கடுஞ்சிவப்பில் ஒரு பட்டை ஓடும், அது மேற்பட்டை. உள்ளே கோடு கோடாகத் தெரிவது மையவிழையம். மேற்பட்டையைக் கைவில்லையால் பார்த்தால் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருப்பது போலத் தெரியும். அந்தப் புள்ளிகள் கலன்கோளங்கள், அதாவது மயிர்க்குழாய்களின் முடிச்சுகள். 1666இல் இத்தாலியரான மல்பீகி கண்டு எழுதியதும் இவற்றைத்தான். மையவிழையத்துக் கோடுகள் வேறொன்றுமில்லை, நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடுவதால் வந்த கோடுகள். ஆட்டில் அவையெல்லாம் ஒரே முகட்டில் போய் முடியும். மனிதரில் அப்படி 8 முதல் 18 வரையான கூம்புகள் இருக்கும். புள்ளி உள்ள இடத்தில் வடிகட்டல், கோடு உள்ள இடத்தில் சிறுநீரைச் செறிவாக்கல். இதை ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளை பிறகு மாறி எழுதமாட்டாது.

மல்பீகி புள்ளிகளைக் கண்டாரே தவிர அவை எதனோடு தொடுக்கப்பட்டிருக்கின்றன என்பது தெளிவாக மேலும் 176 ஆண்டுகள் எடுத்தது. 1842இல் இங்கிலாந்தின் வில்லியம் போமன், அந்த மயிர்க்குழாய் முடிச்சைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது, அந்த உறையிலிருந்தே சிறுகுழாய் தொடங்குகிறது என்று காட்டினார். அதற்கு 5 ஆண்டுகள் கழித்து, 1847இல், எங்கள் மண்ணுக்கு வந்தவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர், உடற்கூற்று நூலையும் தமிழில் ஆக்கியவர். சிறுநீரகத்தைப் பற்றித் தமிழில் பேசுவது நமக்குப் புதிய முயற்சி இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ரியூசன் வகுப்பில் 'தமிழ்ச் சொல் கடினம்' என்று யாராவது சொன்னால் மானிப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் குழாய். இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் ஏறக்குறைய 5 லீற்றர் குருதியில் ஒரு லீற்றருக்கு மேல் இந்த இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. இரண்டையும் சேர்த்து நிறுத்தாலும் ஏறத்தாழ 300 கிராம்தான். தன் தேவைக்காக அவ்வளவு குருதி அவற்றுக்கு வேண்டியதில்லை. அது சுத்திகரிக்கப்பட வரும் குருதி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 இலட்சம் சிறுநீரகத்திகள், அதாவது ஒரு கலன்கோளமும் அதன் சிறுகுழாயும் சேர்ந்த அலகுகள். ஒவ்வொன்றின் வாசலிலும் உட்காவும் புன்னாடி, குருதியை உள்ளே கொண்டுவரும் சின்ன நாடி, வந்து மயிர்க்குழாய் முடிச்சாகப் பிரிகிறது. உடலின் மற்ற இடங்களில் மயிர்க்குழாய்கள் சேர்ந்தால் சிறுநாளம் உருவாகும். இங்கே அப்படியில்லை. முடிச்சிலிருந்து வெளியேறுவதும் புன்னாடிதான், வெளிக்காவும் புன்னாடி. பரீட்சையில் எத்தனையோ பிள்ளைகள் இதை 'வெளிக்காவும் நாளம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு சொற்பிழை என்று நினைத்துப் போய்விடக்கூடாது. அந்த இடத்தில் நாளம் இருந்தால் சிறுநீரகமே வேலை செய்யாது.

ஏனென்றால் நாடியின் சுவரில் வட்டத் தசை இருக்கிறது. அது சுருங்கும், வழியை ஒடுக்கும். உள்ளே வரும் குழாய் அகலம், வெளியே போகும் குழாய் ஒடுக்கம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயைப் பெருவிரலால் அரைவாசி பொத்திப் பாருங்கள், பின்னால் குழாய் விம்மும். குழாயில் எங்காவது ஒரு பொட்டு ஓட்டை இருந்தால் அதனூடாகத் தண்ணீர் பீறிடும். கலன்கோளத்தில் நடப்பது இதுதான். உடலின் சாதாரண மயிர்க்குழாயில் குருதியமுக்கம் நுழையும் முனையில் 30 அல்லது 35 மி.மீ. இரசம், வெளியேறும் முனையில் அதிலும் பாதி. கலன்கோளத்தில் ஏறக்குறைய 60. அதற்கு எதிராக இரண்டு விசைகள் நிற்கின்றன. குருதிப் புரதங்கள் தண்ணீரைத் தம்மிடம் இழுத்து வைத்திருக்கும் விசை சராசரியாக 32, போமனின் உறைக்குள் ஏற்கெனவே இருக்கும் பாய்மத்தின் அமுக்கம் 18. கழித்தால் மிஞ்சுவது 10. இந்தப் பத்தே பத்து மில்லிமீற்றர்தான் நிமிடத்துக்கு 125 மில்லிலீற்றரை, நாளைக்கு 180 லீற்றரை வெளியே தள்ளுகிறது.

இப்போது குருதியோடு சேர்ந்து வெளிக்காவும் புன்னாடிக்குள் போங்கள். என்ன மாறியிருக்கிறது? ஒடுக்கமான வழியைத் தாண்டியதால் அமுக்கம் சரிந்துவிட்டது. குருதித் திரவவிழையத்தில், அதாவது கலங்கள் நீங்கலான குருதித் திரவத்தில், ஐந்தில் ஒரு பங்கு வடிந்துபோனது, ஆனால் புரதம் போகவில்லை, ஆகவே மிஞ்சிய திரவத்தில் புரதம் செறிந்துவிட்டது. இந்தக் குருதி நேராக நாளத்துக்குப் போகாமல் இரண்டாவது தடவையாக மயிர்க்குழாய்களாகப் பிரிந்து, அதே பாய்மம் ஓடும் சிறுகுழாய்களைச் சுற்றிப் பின்னுகிறது. அங்கே அமுக்கம் ஏறக்குறைய 13தான். புரதத்தின் இழுப்போ 32. முதல் முடிச்சில் வெளியே தள்ளிய அதே குருதி இரண்டாவது வலையில் உள்ளே இழுக்கும் குருதியாகிவிட்டது. சுற்றிலுமுள்ள இழையத்தின் விசைகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் உள்ளிழுக்கும் விசையும் ஏறக்குறைய 10தான் வரும். வடிகட்டல் கூடினால் புரதம் இன்னும் செறியும், உறிஞ்சலும் தானாகக் கூடும். ஒரு கட்டளையும் வேண்டாம். உடலியங்கியலில் நான் மிகவும் நேசிக்கும் இடம் இது. முதல் தடவை விளங்கிய நாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்திருக்கிறேன்.

அமுக்கம் மட்டும் போதாது, வடி நல்ல வடியாக இருக்க வேண்டும். மூன்று படை. முதலாவது, மயிர்க்குழாய்ச் சுவரிலேயே 70 நானோமீற்றர் அளவான துளைகள். செங்குருதிக்கலத்தின் விட்டம் 7000 நானோமீற்றருக்கு மேல், ஆகவே அது எட்டியும் பார்க்காது. இரண்டாவது, அடிமென்சவ்வு. இது புடவை போன்ற பின்னல், மறை ஏற்றமும் கொண்டது. அல்புமின் புரதமும் மறை ஏற்றமுடையது என்பதால் அளவால் தப்ப முனைந்தாலும் ஏற்றத்தால் தள்ளப்படும். மூன்றாவது, பாதக்கலங்கள். இரண்டு கைவிரல்களையும் கோத்துப் பிடித்தால் இடையில் சின்னச் சின்ன நீக்கல் தெரியுமே, அப்படி அடுத்தடுத்த கலங்களின் பாதங்கள் கோத்து நிற்கின்றன. அந்த நீக்கலின் குறுக்கேயும் மெல்லிய சவ்வு. தண்ணீர், உப்பு, குளுக்கோசு, அமினோவமிலம், யூரியா எல்லாம் போகும். கலங்களும் புரதமும் நிற்கும். இந்த வடி பழுதானால் புரதம் ஒழுகும், சிறுநீர் நுரைக்கும். நுரை நாட்கணக்கில் தொடர்ந்து தெரிந்தால் பார்த்துக்கொண்டிருக்காமல் சிறுநீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். செலவு குறைந்த சோதனை அது.

ஏன் எல்லாவற்றையும் வெளியே விடவேண்டும் என்று கேட்டீர்கள். பொங்கலுக்கு முன் வீடு துப்புரவாக்குவதை நினைத்துப் பாருங்கள். அறைக்குள் நின்றுகொண்டு குப்பையை ஒவ்வொன்றாகத் தேடினால் அலுமாரிக்குப் பின்னால் இருப்பது அங்கேயே கிடக்கும். அம்மா சாமான் முழுவதையும் முற்றத்தில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுப்பார். சிறுநீரகமும் கழிவை அடையாளம் காண முயல்வதில்லை. வேண்டியதை மட்டும்தான் அடையாளம் காணும். குளுக்கோசு, சோடியம், அமினோவமிலம் என்று தெரிந்த சில பொருட்களுக்கு மட்டும் வாசல் வைத்தால் போதும். உடல் இதுவரை கண்டிராத ஒரு மருந்தோ நஞ்சோ வந்தாலும், சின்ன மூலக்கூறாக இருந்து புரதத்தோடு ஒட்டாமல் இருந்தால் வடியூடாகப் போய்விடும். அதைத் திரும்ப எடுக்க வாசல் இல்லாவிட்டால் பெரும்பாலும் அப்படியே வெளியேறும். உடலில் திரவவிழையம் இருப்பது மூன்று லீற்றர் அளவில்தான். 180 லீற்றர் வடிகட்டுவதென்றால் அந்த மூன்று லீற்றரையும் நாளுக்கு 60 தடவை முற்றத்தில் இறக்கிப் பார்க்கிறது என்று அர்த்தம்.

இதன் விலையும் பெரிது. நாளொன்றுக்கு வடிந்துபோகும் சோடியத்தைக் கறியுப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. குளுக்கோசு ஏறக்குறைய 180 கிராம். திரும்ப எடுக்காவிட்டால் ஒரு நாளும் தாங்காது. இந்தப் பெரும் பொறுப்பு, போமனின் உறையை அடுத்து வரும் முதல் பகுதியான அண்மை மடிந்த சிறுகுழாயுடையது. தண்ணீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கும், குளுக்கோசும் அமினோவமிலமும் அநேகமாக முழுவதும் இங்கேயே திரும்பிவிடும். கவனியுங்கள், இது மேற்பட்டையில் இருக்கிறது. மீளவுறிஞ்சல் என்றதும் மையவிழையத்தை நினைப்பவர்கள் இங்கே சறுக்குவார்கள். அதன் கலத்தை வரைந்து பாருங்கள். உள்ளிடத்தை நோக்கிய முகத்தில் நுண்சடைமுளைகள் தூரிகை போல நெருங்கி நிற்கும், பரப்பைப் பெருக்க. அடிப்பக்கத்தில் இழைமணிகள் வரிசையாக அடுக்கியிருக்கும், அடிப்பக்கத்திலுள்ள சோடியம்–பொட்டாசியம் பம்பிக்குச் சக்தி கொடுக்க. பம்பி மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். கலத்துக்குள் சோடியம் குறைவதால் சிறுகுழாய்ப் பக்கத்திலிருந்து சோடியம் உள்ளே பாயும். பாயும்போது குளுக்கோசையும் கையில் பிடித்துக்கொண்டு வரும். தண்ணீர் அவற்றின் பின்னால் பிரசாரணத்தால், அதாவது செறிவு கூடிய பக்கத்தை நோக்கி நகரும் இயல்பால், வரும். அந்தத் தண்ணீருக்கென்றே சவ்வில் தனிப் புரத வாசல்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த பீற்றர் ஏகருக்கு 2003இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது.

குளுக்கோசு வாசல்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. குருதியில் 100 மில்லிலீற்றருக்கு 180 மில்லிகிராம் அளவைக் குளுக்கோசு தாண்டினால் வாசல்கள் போதாமல் மிச்சம் சிறுநீரில் போகும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சலம் போவதும் தாகமும் அதனால்தான். நம்மவர்கள் அந்த நோய்க்கு 'நீரிழிவு' என்று பெயர் வைத்ததைப் பாருங்கள்.

அடுத்தது என்லேயின் தடம், சிறுகுழாய் மையவிழையத்துக்குள் இறங்கி வளைந்து திரும்ப மேலே ஏறும் பகுதி. இதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இருக்கும் வசதி வேறு ஊர்ப் பிள்ளைக்கு இல்லை. எங்களிடம் வற்றாத ஆறு கிடையாது. பெய்த மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீருக்கு மேலே நன்னீராக மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிறுநீரகமும் இதே அடுக்குத்தான். மேற்பட்டையில் பாய்மத்தின் செறிவு குருதியின் அளவில், ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 300 மில்லியொஸ்மோல் (கரைந்திருக்கும் துணிக்கைகளை எண்ணும் அலகு). உள்ளே இறங்க இறங்க 600, 900, முகட்டில் 1200.

ஆனால் கிணற்றில் உவர் கீழே நிற்பது பாரத்தால். சிறுநீரகத்தில் அந்த அடுக்கை உழைத்துக் கட்டவேண்டும். தடத்தின் இரண்டு கைகளும் அருகருகே, எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஏறும் கையின் தடித்த சுவர் தண்ணீரை விடாது, உப்பை மட்டும் வெளியே பம்பும். இறங்கும் கையின் சுவர் தண்ணீரைத் தாராளமாக விடும். ஏறும் கை வெளியே தள்ளிய உப்பைக் கண்டு இறங்கும் கையிலிருந்து தண்ணீர் வெளியேறும், உள்ளே மிஞ்சிய பாய்மம் செறியும். செறிந்த பாய்மம் வளைவைச் சுற்றி ஏறும் கைக்கு வரும்போது பம்பிக்கு இன்னும் கூடிய உப்புக் கிடைக்கும். ஒரு மட்டத்தில் பம்பியால் உண்டாக்கக்கூடிய வித்தியாசம் 200 மில்லியொஸ்மோல் அளவில்தான். ஆனால் பாய்மம் நகர நகர, ஒன்றின்மேல் ஒன்றாக அது பெருகி 1200 வரை போகிறது. ஆழத்தில் யூரியாவும் கணிசமான பங்கு சேர்க்கிறது. தடம் ஒரே நேர்குழாயாக இருந்தால் இது நடக்காது, வளைந்து திரும்புவதுதான் தந்திரம். பாலைவனத்தில் வாழும் எலியினங்களுக்குத் தடம் உடலளவுக்கு மிக நீளம், அவற்றின் சிறுநீர் எங்களதைவிடப் பல மடங்கு செறிவானது. எங்களுக்குச் சிறுநீரகத்திகளில் ஏறக்குறைய 15 வீதமானவைக்குத்தான் ஆழமாக இறங்கும் நீண்ட தடம்.

கட்டிய அடுக்கைக் கலையாமல் காப்பது அடுத்த சிக்கல். கிணற்றில் மோட்டரை இடைவிடாமல் ஓட்டினால் என்ன நடக்கும் என்று தோட்டக்காரரைக் கேளுங்கள். உவர் மேலே ஏறி வெங்காயம் கருகும். மையவிழையத்திலும் குருதி வேகமாக ஓடினால் சேர்த்த உப்பை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே அங்கே போகும் குழாய்களும் தடத்தைப் போலவே வளைந்து திரும்புகின்றன. இறங்கும்போது எடுத்த உப்பை ஏறும்போது விட்டுவிடுகின்றன. சிறுநீரகக் குருதியில் 5 வீதத்துக்கும் குறைவாகத்தான் அந்தப் பக்கம் போகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. குருதி குறைந்தால் ஒட்சிசனும் குறைவு. கடும் உழைப்புச் செய்யும் பம்பிகள் எந்நேரமும் ஒட்சிசனுக்கு அந்தரப்படும் இடத்தில் இருக்கின்றன.

இதை எங்கள் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்காக அழுத்திச் சொல்கிறேன். பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்று உடல் வற்றும்போது, உட்காவும் புன்னாடியைத் திறந்து வைக்கச் சிறுநீரகம் புரொசுத்தாகிளாந்தின் என்ற பொருளைச் சுரந்து சமாளிக்கும். இபுபுரோபன், டைக்குளோபினாக் போன்ற வலிமாத்திரைகள் அந்தச் சுரப்பையே நிறுத்துபவை. மேல்நோவுக்கு என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு தாகத்தோடு வேலை செய்தால் வாசலும் ஒடுங்கும், ஆழத்தில் ஒட்சிசனும் அறும். தண்ணீர்ப் போத்தலை வரம்பில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். அனுராதபுரம், பொலநறுவைப் பக்கத்து விவசாயிகளைத் தாக்கும் சிறுநீரக நோயில் பழுது முதலில் சிறுகுழாயிலும் அதைச் சுற்றியுள்ள இழையத்திலும் தொடங்குகிறது. வடி தப்பியிருப்பதால் தொடக்கத்தில் புரதம் அதிகம் ஒழுகாது, நுரையும் காட்டாது.

ஏறும் கை மேற்பட்டைக்குத் திரும்பி வரும்போது, தான் தொடங்கிய அதே கலன்கோளத்தின் இரண்டு புன்னாடிகளுக்கும் நடுவில் தொட்டுக்கொண்டு போகிறது. இது தற்செயல் இல்லை. தொடும் இடத்திலுள்ள கலங்கள் பாய்மத்தின் உப்பை அளக்கின்றன. உப்பு அதிகம் வந்தால் வடிகட்டல் மிஞ்சிவிட்டது என்று பொருள், உட்காவும் புன்னாடி ஒடுங்கும். குறைந்தால் அது விரியும், ரெனின் என்ற பொருளும் சுரக்கும், அதன் வழியாக வெளிக்காவும் புன்னாடி இறுகும். நீங்கள் படி ஏறினாலும் படுத்தாலும் வடிகட்டல் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதில் இந்தத் தொடுகைக்கும் பங்கு உண்டு.

ஏறும் கையை அடுத்து வரும் சேய்மை மடிந்த சிறுகுழாயில் அல்டொஸ்தெரோன் என்ற ஓமோனின் சொற்படி சோடியத்தின் கடைசிக் கணக்கு நடக்கும், அதிகம் விரிக்க ஒன்றுமில்லை. சேர்க்கும் கான்தான் முடிவிடம். அது மேற்பட்டையிலிருந்து அந்த உவர் அடுக்கினூடாகக் கீழே இறங்குகிறது. கபச்சுரப்பியிலிருந்து ஏ.டி.எச். ஓமோன் வந்தால் சுவரில் நீர்வாசல்கள் திறக்கும், சுற்றியுள்ள உப்பு தண்ணீரை உறிஞ்சும், சிறுநீர் 1200 வரை செறியும். ஓமோன் இல்லாவிட்டால் சுவர் அடைபட்டு, ஐதான சிறுநீர் அப்படியே போகும். மதுசாரம் இந்த ஓமோனை அடக்கும், கள்ளு குடித்தவர் பின்னர் தாகத்தில் தவிப்பதற்கு அது ஒரு காரணம். 1200 எங்கள் உச்ச எல்லை. கடல்நீரின் செறிவும் ஏறக்குறைய அந்த அளவுதான். அந்த உப்போடு உடலின் யூரியாவும் போகவேண்டும் என்பதால், கடலில் தத்தளிக்கும் மீனவர் ஒரு லீற்றர் கடல்நீர் குடித்தால் ஒன்றரை லீற்றர் அளவு சிறுநீராக இழக்க நேரும். குடிக்கக் குடிக்க வற்றுவார்.

பரீட்சையில் படம் கீறச் சொன்னால், பிள்ளை, வெளிக்காவும் புன்னாடியைக் கலன்கோளத்துக்கு வெளியே ஒரு அங்குலம் கீறிவிட்டு அறுத்து விடாதீர்கள். பென்சிலை எடுக்காமல் அதைத் தொடர்ந்து கொண்டுபோய்ச் சிறுகுழாயைச் சுற்றிப் பின்னுங்கள், ஒரு கிளையைத் தடத்தோடு கீழே இறக்கி மேலே ஏற்றுங்கள், அதன் பிறகு மட்டும் நாளத்தில் சேருங்கள். முடிச்சின் பக்கத்தில் 60 என்றும் பின்னலின் பக்கத்தில் 13 என்றும் குறியுங்கள்.